கணியூரில் ஸ்லைடு போடுகிறார்கள்

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் கணியூர் என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட் கிழிப்பார். அதையே திருப்பூரிலோ கோவையிலோ கேட்டால் "எந்தக் கணியூருங்க?" என்று ஒரு கேள்வி வரும். கருமத்தம்பட்டிப் பக்கம், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், டோல்கேட்டால் பேர் வாங்கிய கணியூர் ஒன்று உண்டு. நான் போனது மடத்துக்குளம் தாலுகாவில் இருக்கும் கணியூர். அமராவதித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்கும் பேரூராட்சி. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிடமிருந்து பிரிந்து வந்த பக்கம் இது. பனியன் தொழில் இங்கே வயலுக்கு நடுவில் நடக்கிறது. காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். திருப்பூரில் ஆள் கிடைப்பது கஷ்டமானதும், ஆள் இருக்கிற ஊருக்கே தையல் யூனிட்டைக் கொண்டுவந்தவர்களும் உண்டு.

நான் பார்க்கப் போனது பனியனை அல்ல. பவர்பாயிண்ட் படிக்கிறவர்களை. நகரத்து ஆபீஸ்களில் ஸ்லைடு போடத் தெரியாதவர் கிடையாது. அதைப் பார்த்துத் தூங்காதவரும் கிடையாது. இவ்வளவு தூரத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில், மாலை ஐந்தரை மணிக்கு மேல் இதை யார் கற்கிறார்கள், எதற்காக என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று மாடிப்படியில் ஏறும்போதே சட்டையைப் பிடித்து இழுத்தது. முன்னறையில் டைப்ரைட்டர்கள். ஏ எஸ் டி எஃப் அடிக்கும் சத்தம் இன்னும் நிற்கவில்லை. உள்ளறையில் கம்ப்யூட்டர்கள், சுவரில் அடித்த வெள்ளைப் பெயிண்டே திரை. பயிலகத்தை நடத்தும் அம்மாவை எல்லோரும் 'மிஸ்' என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர். தட்டச்சு ஆசிரியையாகத் தொடங்கியவர், சி.ஓ.ஏ. வந்த பிறகு கம்ப்யூட்டருக்கும் ஆசிரியை ஆனார். சி.ஓ.ஏ. என்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ்த் தேர்வு. அரசில் தட்டச்சர் வேலைக்குப் போக டைப்ரைட்டிங்கோடு இதுவும் வேண்டும். வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட் எல்லாம் அதில் உண்டு.

அன்று உள்ளே இருந்தவர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பி.காம். கடைசி வருஷம் படிக்கும் பெண்கள், நூல் மில் வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அக்கா, கணினிப் பயன்பாடுகள் எடுத்துப் படிக்கும் பிளஸ் ஒன் மாணவி, பிறகு பக்கத்து தையல் யூனிட்டில் பேக்கிங்கில் சேர்ந்து இப்போது எச்.ஆர். உதவியாளராக இருக்கும் ஒரு தம்பி. பிளஸ் ஒன் மாணவிக்கு மட்டும் ஒரு சங்கடம். 2018இல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகத்தில் அவளுக்கு இருப்பது ஓபன் ஆபீஸ் இம்ப்ரெஸ். இங்கே திறந்திருப்பது பவர்பாயிண்ட். மெனு இருக்கும் இடம் வேறு, பட்டன் இருக்கும் இடம் வேறு. "ரெண்டுலயும் எஃப் ஐந்து அமுத்துனா படம் ஓடும் கண்ணு. மத்ததெல்லாம் தேடுனா கிடைக்கும்" என்றார் மிஸ். உண்மைதான். புதிய ஸ்லைடு, லேஅவுட், மாஸ்டர், டிரான்சிஷன், அனிமேஷன் என்ற ஐந்தாறு சங்கதிகள் பிடிபட்டுவிட்டால் எந்த மென்பொருளும் ஒன்றுதான். கூகுள் ஸ்லைட்ஸ் உட்பட.

பாடம் எப்படி நடக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். தேர்வுக்கு வேண்டியதை மிஸ் கடகடவென்று முடித்துவிடுகிறார். இத்தனை ஸ்லைடு, இன்ன பின்னணி, தலைப்புக்கு இன்ன அனிமேஷன், ஸ்லைடு மாற இன்ன டிரான்சிஷன். கேட்டதைச் செய்தால் மார்க். ஸ்லைடில் இருப்பது யாருக்காவது புரிகிறதா என்று தேர்வு கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. அதனால் பிள்ளைகள் எல்லா வித்தையையும் ஒரே ஸ்லைடில் இறக்கிவிடுகிறார்கள். எழுத்து ஒவ்வொன்றும் சுழன்றுகொண்டு வருகிறது, படம் குதிக்கிறது, கைதட்டல் சத்தம் தானாகவே கேட்கிறது. "பரீட்சைக்கு இது போதுங்க. ஆனா பரீட்சை முடிஞ்சதுக்கு அப்புறமும் பொழைக்கணுமில்லீங்களா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சொந்தச் செலவில் வாங்கிய பழைய புரொஜக்டரை ஆன் செய்தார். வாரம் ஒருநாள், பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. யாராவது ஒருவர் எழுந்து நின்று மற்றவர்களுக்குக் காட்டிப் பேச வேண்டும்.

முதலில் வந்த மாணவியின் தலைப்பு 'கணினியின் பயன்கள்'. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. முதல் வரி தொடங்கி கடைசி வரி வரை திரையைப் பார்த்து வாசித்தாள். எங்களுக்கு அவளுடைய பின்னல் மட்டும் தெரிந்தது. நாங்கள் மனதுக்குள் வாசித்து முடித்துவிட்டோம். அவள் இன்னும் இரண்டாவது வரியில் இருந்தாள். குறை அவளுடையதல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாம் பழக்கியது ஒப்பித்தல். முன்பெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், இப்போது அந்தச் சிரமத்தைச் சுவர் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பக்கங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு எழுதப்பட்டவை அல்ல என்பதுதான் எனக்கு உறுத்தியது. எங்கேயோ இருக்கும் ஒரு எக்ஸாமினருக்கு எழுதப்பட்டவை. நாங்கள் இடையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

இந்தக் கருவி பிறந்ததே ஆபீஸ்காரர்கள் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் தங்கள் காட்சித்தாளைத் தாங்களே தயாரித்துக்கொள்ளத்தான். அமெரிக்காவில் ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனியில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் சேர்ந்து உருவாக்கினார்கள். முதலில் வைத்த பேர் 'பிரசன்டர்'. 1987 ஏப்ரலில் பவர்பாயிண்ட் என்ற பேரில் மெக்கின்டாஷுக்கு வந்தது. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கியது. விண்டோஸுக்கு வந்தது 1990இல். முதல் பதிப்பில் வண்ணமும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஓவர்ஹெட் புரொஜக்டரில் வைக்கும் கண்ணாடித்தாளுக்காகக் கறுப்பு வெள்ளையில் பக்கம் அச்சடித்துக் கொடுத்தது, அவ்வளவே.

இதை நான் சொன்னதும் மிஸ் சிரித்தார். "எங்களுக்கு ஸ்லைடுன்னா தியேட்டர் ஸ்லைடுதானுங்க." படம் தொடங்குமுன்னும் இடைவேளையிலும் கண்ணாடித் துண்டில் எழுதிப் போடுவார்களே, அது. ஜவுளிக்கடை, நகைக்கடை, அடுத்த வாரப் படம், புகை பிடிக்காதீர். ஆபரேட்டர் எத்தனை விநாடி வைப்பார் என்று எழுதியவருக்குத் தெரியாது. அதனால் கடை பேர், தெருப் பேர், ஒரு பொம்மை. அதற்கு மேல் எதுவும் ஏறாது. 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டிய கோவைச் சீமையில் திரையைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. அந்தச் சிக்கனத்தை எங்கே தொலைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த பெண் எழுந்தாள்.

பி.காம். மாணவி. தலைப்பு, கணியூர் ராஜவாய்க்கால்.

போன வாரம் அவள் கொண்டுவந்த வடிவத்தைப் பற்றி மிஸ் முன்பே சொல்லியிருந்தார். 'கணியூர் ராஜவாய்க்காலும் அமராவதி பழைய ஆயக்கட்டுப் பாசனமும்' என்று முழுத் தலைப்பையும் அடித்திருந்தாள். நாற்பத்து நான்கு பாயிண்டில் அது மூன்று வரி ஓடி, கீழே இருந்த படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. தமிழில் ஸ்லைடு போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, வரிக்கு ஆறு சொல் என்று ஆங்கிலத்துக்காக யாரோ போட்ட கணக்கு இங்கே ஒத்துவராது. நம் சொற்களில் மூன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு மேலே புள்ளியும் விலங்கும், கீழே ஊகாரச் சுழியும். வரி இடைவெளியை இயல்புநிலையில் விட்டால் 'பூ'வின் வால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். மிஸ் தலைப்பை 'எங்க ஊர் வாய்க்கால்' என்று வெட்டினாராம். மீதியை வாயால் சொல்லட்டும்.

பழைய ஆயக்கட்டின் ராஜவாய்க்கால்கள் எட்டு: ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு. இதைப் புள்ளி வைத்த எட்டு வரியாகப் போட்டு, ஒவ்வொன்றும் பக்கவாட்டிலிருந்து பறந்து வருவதாக வைத்திருந்தாளாம். அதற்கு மிஸ் சொன்னது எனக்குப் பிடித்தது: "எட்டு வாய்க்காலும் பறந்து வந்தா வயலுக்குத் தண்ணி வந்து சேராது அம்மணி."

இப்போது திரையில் அந்தப் பட்டியல் இல்லை. வளைந்து இறங்கும் ஒரு கோடு. அது அமராவதி. மேலே ஒரு கட்டை, அது அணை. ஒரு தட்டு தட்டினாள், முதல் கிளை பிரிந்தது, பேரைச் சொன்னாள். இன்னொரு தட்டு, அடுத்த கிளை. அணையிலிருந்து கீழே கீழே வந்து கணியூர்க் கிளை பிரிந்தபோது அது மட்டும் பச்சையாக இருந்தது. அனிமேஷன் என்பது அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வரிசையைக் காட்டவும் அது உதவும் என்பதை இவ்வளவு எளிதாக யாரும் செய்து காட்டியதில்லை. பவர்பாயிண்டில் இருக்கும் கோடு, வளைகோடு, 'அப்பியர்' என்ற மிகச் சாதாரணமான விளைவு. வேறெதுவும் அவள் தொடவில்லை. அணை 1950களில் வந்தது, வாய்க்கால்கள் அதற்கு முன்னாலேயே இருந்தவை, அதனால்தான் 'பழைய' ஆயக்கட்டு என்று பேர் என்றாள். அணையின் முழு மட்டம் 90 அடி, கொள்ளளவு 4 டி.எம்.சி. என்ற எண்கள் இரண்டு, வாய்க்கால் தலைப்பில் செல்போனில் எடுத்த படம் ஒன்று. அவ்வளவுதான் சரக்கு.

சுவாரசியம் அதற்குப் பிறகு. பேத்தியைக் கூட்டிப்போக வந்து கதவோரம் நின்றிருந்த ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "ஏன் அம்மணி, படமெல்லாஞ் சரி. கடைமடைக்குத் தண்ணி எப்ப வந்து சேருதுங்கறத எங்க போட்டிருக்கறே?"

போடவில்லை. அவள் ஒரு நொடி திரும்பித் திரையைப் பார்த்தாள். பிறகு 'பி' பட்டனை அழுத்தினாள். திரை கறுத்தது. எல்லாக் கண்களும் சுவரை விட்டு அவள் முகத்துக்கு வந்தன. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது தன் வீட்டு வயல் எந்த மடையில் இருக்கிறது, மேல்மடைக்காரர்கள் மதகைச் சரியாக இறக்காவிட்டால் என்ன ஆகிறது, ராத்திரி மண்வெட்டியோடு அப்பா எதற்குப் போகிறார் என்று பேச ஆரம்பித்தாள். பெரியவர் குறுக்கே பேசினார், மில் அக்கா குறுக்கே பேசினார். ஸ்லைடு ஓடிய நேரத்தைவிட அது இருண்டிருந்த நேரம் அதிகம். அந்த ஒரு பட்டனைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் தலைப்புப் போட்டு எழுதிப் பார்த்ததில்லை. இம்ப்ரெஸிலும் அது வேலை செய்யும். 'டபிள்யூ' அழுத்தினால் வெள்ளைத் திரை. எண்ணை அடித்து என்டர் தட்டினால் அந்த எண்ணுள்ள ஸ்லைடுக்கே போய்விடலாம். "முந்தினது காட்டுங்க" என்று யாராவது கேட்கும்போது எல்லாவற்றையும் பின்னோக்கி ஓட்டிக் காட்டி மானத்தை வாங்க வேண்டியதில்லை.

எழுத்துருவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸிடம் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. சில பாமினியில், சில வானவில்லில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ்தான் தெரியும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அந்த நாட்களில்தான், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதன் பிறகு தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. அழகான எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொண்டு பென்டிரைவில் கோப்பை மட்டும் எடுத்துப் போனால், போன இடத்தில் அது வேறு முகத்தோடு வரும், வரி உடையும். கோப்பைச் சேமிக்கும் இடத்தில் எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்துவைக்க ஒரு டிக் இருக்கிறது. இல்லையென்றால் விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்துவது மேல். "முன்னால லதா இருந்துச்சுங்க. இப்ப நிர்மலா வந்திருக்கறா. எந்த ஊர் மிஷினுக்குப் போனாலும் ரெண்டுல ஒருத்தி வீட்டுல இருப்பா" என்றார் மிஸ். லதா, நிர்மலா யூஐ இரண்டும் விண்டோஸின் தமிழ் எழுத்துருக்கள்.

எச்.ஆர். தம்பி அன்று பேசவில்லை. பிளஸ் டூவில் அரசு கொடுத்த 'அம்மா லேப்டாப்'பை இன்னும் வைத்திருக்கிறார். அதில் இரண்டு கோப்புகளைத் திறந்து காட்டினார். ஒன்று ஆசைக்கு: என்றாவது திருப்பூருக்குப் போய் மெர்ச்சண்டைசர் ஆக வேண்டும் என்று தானே செய்து பார்த்த குழந்தைகள் டிசர்ட் வரிசை. துணி எத்தனை ஜி.எஸ்.எம்., பிரிண்ட் நெஞ்சில் எங்கே விழ வேண்டும், கலர் எது, லேபிள் எங்கே என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் பக்கங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் வெளிநாட்டு பையரிடம் சாம்பிளோடு போய்ச்சேருவது பல நேரங்களில் இந்த மாதிரி ஸ்லைடுதான். பேசுகிறவரின் இங்கிலீஷ் தடுமாறினாலும் அம்புக்குறி தடுமாறாது. அந்தப் பக்கங்களில் ஒரு வாக்கியம்கூட இல்லை என்பதைக் கவனித்தேன். துணியைத் தெரிந்தவர் போட்ட ஸ்லைடு.

இன்னொரு கோப்பு வேலைக்கு. "நாளைக்கு கம்பெனியில டிரெய்னிங் இருக்குதுங்க சார். வந்து பாருங்க, மேனேஜர்கிட்டச் சொல்லியிருக்கறேன்" என்றார்.

தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் நீளமான ஷெட். பவர் டேபிள் வரிசைகள், செக்கிங் மேசைகள், அயர்னிங், பேக்கிங். ஓவர்லாக் சத்தத்தில் பேச வேண்டுமானால் காதருகே போக வேண்டும். டெய்லர்களும், கைமடிகள் எனப்படும் உதவியாளர்களும் பெரும்பாலும் பெண்கள். சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பாதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் மீதி. கேன்டீனில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, சுவரில் வேட்டி கட்டியிருந்தார்கள். தகரக் கூரை இடுக்குகளிலிருந்து வெயில். புரொஜக்டரில் வி.ஜி.ஏ. சொருகும் இடம் மட்டும் இருந்தது. மேனேஜரின் புது லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தது. தம்பியின் பழைய லேப்டாப் ஜெயித்தது.

முதலில் எனக்கு மட்டும் ஹெட் ஆபீஸ் கோப்பைக் காட்டினார். ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்திலும் லோகோ, தேதி, பதிப்பு எண். தீ, ஊசி, ரசாயனம், சம்பள விதி, புகார்க் குழு எல்லாம் அதில் இருக்கிறது. 2013இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு, துணி வாங்குகிற கம்பெனிகள் தையல்கூடங்களைப் பார்க்கும் பார்வை கடுமையானது. ஆடிட் வருகிறது, பயிற்சி கொடுத்தீர்களா, எதைக் காட்டினீர்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோப்பைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது, அது பேசுவது பெஞ்சில் உட்காரப்போகும் பெண்களிடம் அல்ல, ஆடிட்டரிடம். முந்தைய மாலை எக்ஸாமினருக்கு எழுதிய மாணவிக்கும் இதை எழுதியவருக்கும் சம்பளம்தான் வித்தியாசம்.

ஊசி உடைந்தால் என்ன செய்வது என்ற பக்கத்தை நிறுத்திப் படித்தேன். தலைப்பு, அதன் கீழ் புள்ளி, அதன் கீழ் கோடு, அதன் கீழ் இன்னும் சின்ன எழுத்தில் ஒரு புள்ளி. உடைந்த துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்துத் துணிகளை வெளியே விடக்கூடாது என்பது அந்தக் கடைசிப் புள்ளியில் இருந்தது. குழந்தைச் சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விடக்கூடாது என்பதற்குத்தான் விதியே. விதியின் உயிர் அடிமட்டத்தில், பன்னிரண்டு பாயிண்டில்.

எனக்கு கொலம்பியா நினைவுக்கு வந்தது. 2003 ஜனவரியில் அந்த விண்ணோடம் கிளம்பும்போதே ஒரு நுரைக்கட்டி பெயர்ந்து இறக்கையில் அடித்தது. அதனால் ஆபத்தா என்று ஆராய்ந்த போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு முக்கியமான ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கையூட்டியது. அதன் கடைசி வரியில் இருந்தது விஷயம்: சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம், இங்கே அடித்தது 1,920 கன அங்குலம். அதாவது அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். எட்வர்டு டஃப்டி என்ற அறிஞர் அந்த ஸ்லைடை வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். விபத்தை விசாரித்த குழு அவருடைய அலசலைத் தன் அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டது. ஸ்லைடு கொன்றது என்று சொல்வது மிகை. ஆனால் சொல்ல வேண்டியதை மூன்றாம் அடுக்குப் புள்ளியில் புதைத்துவிட்டு, சொல்லிவிட்டதாக நிம்மதி அடைய அது வசதி செய்து கொடுக்கிறது.

மணி அடித்தது. லைன் லைனாக வந்து உட்கார்ந்தார்கள். தம்பி திறந்தது வேறு கோப்பு.

எழுத்தே இல்லை. நான்கு புகைப்படங்கள், பக்கத்துக்கு ஒன்று, விளிம்பு முதல் விளிம்பு வரை. முதல் படத்தில் பவர் டேபிளில் ஓர் அக்கா கையைத் தூக்கியிருக்கிறார், மிஷின் நின்றிருக்கிறது. கேன்டீனில் ஒரே சிரிப்பு, ஏனென்றால் அந்த அக்கா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதில் காந்தத்தை வைத்துத் துண்டுகளைப் பொறுக்கி வெள்ளைத்தாளில் போடுகிறார்கள். மூன்றாவதில் துண்டுகளைச் சேர்த்து, முழு ஊசியின் உருவம் வரும்படி, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த உருவத்தில் ஓட்டை தெரியும். நான்காவதில் சூப்பர்வைசர் புது ஊசி கொடுக்கிறார்.

"அக்கா, நீங்களே வந்து சொல்லுங்க" என்று தம்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டார். அந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அய்யோ, எனக்கு வராது சாமி" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் தள்ளி அனுப்பினார்கள். சுவருக்கு முன்னால் வந்து நின்றதும் கூச்சம் எங்கோ போய்விட்டது. கையைத் தூக்கினால் பீஸ் ரேட் போய்விடுமே என்று யாரும் மறைக்கக்கூடாது, மறைத்தால் அடுத்த நாள் மொத்த பண்டலையும் பிரிக்கிற வேலை நம் தலையில்தான் விழும் என்று அவர் சொன்னது எந்தக் கோப்பிலும் இல்லாதது. துண்டு கிடைக்காவிட்டால்? "அந்த பண்டலு அங்கயே நிக்கும். டிடெக்டர்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் நகரும். மேனேஜரே வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாது." பின்னால் நின்றிருந்த மேனேஜர் தலையாட்டினார். அக்கா சொல்லச் சொல்ல, ஒடிசாப் பெண்களில் தமிழ் பழகிவிட்ட ஒருத்தி தன் ஆட்களுக்கு ஒடியாவில் சொல்லிக்கொண்டே வந்தாள். தம்பி ஓரமாக நின்று பட்டனை மட்டும் தட்டினார். ஸ்லைடு போட்டவர் பேசாமல் இருந்ததால் நன்றாக அமைந்த பிரசன்டேஷன் அது.

முடிந்ததும், "அந்த ஹெட் ஆபீஸ் பைல்?" என்று கேட்டேன்.

"அது அப்படியே இருக்குதுங்க சார். ஆடிட் வர்றப்ப அது, அக்காங்களுக்கு இது." கொஞ்சம் தயங்கி, "ரெண்டும் வேணுமுங்க" என்றார். தப்பாக ஒன்றும் தெரியவில்லை எனக்கு. அந்தக் கோப்பில் உள்ளதைத்தான் இவர்களுக்குப் புரியும்படி காட்டினார். ஆடிட்டரும் ஒருநாள் இந்த நான்கு படங்களைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த வாரத்துக்கு அவரிடம் இருந்தது இன்னும் கடினமான தலைப்பு, புகார்க் குழு. பணியிடத்தில் பெண்களிடம் தவறாக நடப்பதைத் தடுக்க 2013இல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் வேண்டும். ஊசிக்கு போட்டோ எடுத்துவிடலாம், இதற்கு என்னத்தை எடுப்பது? இணையத்தில் கிடைக்கும் படங்களில் கோட்டு போட்டவன் ஒருவன் அழுகிற பெண்ணின் தோளில் கை வைத்திருக்கிறான். "இதப் போட்டா சிரிப்பாங்க சார், இல்லாட்டித் தலையக் குனிஞ்சுக்குவாங்க." சட்டப் பிரிவுகளை அடித்து வைத்திருந்த ஸ்லைடுகளைக் காட்டினார். சீர்வரிசைத் தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே ஊசி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இத்தன எழுத்தும் யாரு படிக்கறது தம்பி? யாருகிட்டப் போய்ச் சொல்லோணும், அத மட்டும் பெருசாப் போடு."

"போன் நம்பரும் போடுங்க."

"பேரு போட்டா எங்களுக்குத் தெரியும். அந்த ஒடிசாப் புள்ளைங்களுக்கு? மூஞ்சியப் போடுங்க."

தம்பி பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் படம், கீழே பேர், நம்பர். நம்பரின் அளவை நாற்பதிலிருந்து அறுபதாக ஏற்றி, கடைசி பெஞ்சுக்கு நடந்துபோய் அங்கிருந்து பார்த்தார். திரும்பி வந்து செல்போனை எடுத்துக்கொண்டு பேக்கிங் பக்கம் கிளம்பினார். குழுவில் இருக்கும் பேக்கிங் அக்காவுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது, சீப்பு கேட்டுக்கொண்டிருந்தார். வெளி உறுப்பினர் உடுமலையில் இருக்கிறாராம். அவர் படம் வாட்ஸ்அப்பில் வர வேண்டும்.